கிளெயர்டன் கோக் ஆலை: அணைக்க முடியாத உலைகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

2018 டிசம்பர் 24 அதிகாலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மொனங்ககேலா ஆற்றங்கரையில், இரும்பு உருக்கும் ஊதுலைகளுக்கான கோக் என்னும் கரியைத் தயாரிக்கும் கிளெயர்டன் கோக் ஆலையில் தீப்பிடித்தது. எரிந்தது உலைகள் அல்ல. உலை வாயுவைச் சுத்திகரிக்கும் பகுதியின் கம்ப்ரசர்களும் இரண்டு கட்டுப்பாட்டு அறைகளும்தான் எரிந்தன. வாயுவிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் வசதி அன்றோடு நின்றது. அது மீண்டும் ஓடத் தொடங்கியது 2019 ஏப்ரல் 4-இல். இடைப்பட்ட நூறு நாட்களிலும் உலைகள் எரிந்துகொண்டே இருந்தன. கந்தகம் நீங்காத வாயுதான் எரிபொருளானது. லிபர்ட்டி, நார்த் பிராடக் கண்காணிப்பு நிலையங்களில் கந்தக டை ஆக்சைடு 75 பிபிபி (காற்றின் நூறு கோடிப் பங்கில் 75 பங்கு) என்ற தேசிய வரம்பைத் தாண்டியது.

சுத்திகரிப்பு இல்லையென்றால் ஆலையையே நிறுத்திவிட வேண்டியதுதானே என்று அப்போது பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கோக் உலைக்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது. இந்த ஆலையின் நூறாண்டு வரலாறு, இன்றைய இயக்கம், புகை, விபத்துகள், மூடல்கள் எல்லாமே அந்த ஒரு குணத்திலிருந்து கிளைப்பவை.

சுவரின் செங்கல்

கற்கரி என்று பாடநூல்கள் சொல்லும் கோக், நிலக்கரியைக் காற்றுப் படாமல் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் கிடைப்பது. அதைச் செய்யும் உலை குறுகலான ஓர் அறை. நீளம் சுமார் 13 மீட்டர், உயரம் 4 முதல் 6 மீட்டர், அகலம் வெறும் 45 சென்டிமீட்டர் அளவு. இப்படி அறுபது, எண்பது அறைகளை வரிசையாக அடுக்கினால் அது ஒரு பேட்டரி. இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவருக்குள் தீவழிகள் போகின்றன. அவற்றில் வாயு எரிந்து, 1200 முதல் 1350 டிகிரி வரையிலான சூடு செங்கல் வழியாக நிலக்கரிக்குள் இறங்குகிறது. தீயும் நிலக்கரியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

அந்தச் சுவர் சிலிக்கா செங்கல்லால் ஆனது. அதிக வெப்பத்தில் பாரம் தாங்குவதிலும் வெப்பத்தைக் கடத்துவதிலும் அதற்கு நிகரான மலிவான பொருள் இல்லை. 600 டிகிரிக்கு மேல் அதன் அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. அதற்குக் கீழே கதை வேறு. சிலிக்காவின் படிக வடிவங்கள் குறைந்த வெப்பநிலையில் சட்டென்று மாறும். கனஅளவும் கூடவே மாறும். குளிர்ந்த நிலையிலிருந்து இயங்கும் நிலைக்கு வரும்போது செங்கல் 1.2 சதவீதத்தை ஒட்டி விரிகிறது. 13 மீட்டர் நீளச் சுவரில் இது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். அதனால்தான் புதிய பேட்டரியைச் சூடேற்ற இரண்டு மூன்று மாதம் ஆகிறது. நாளுக்குச் சில டிகிரி என்று ஏற்றுவார்கள். இருபுறமும் நிற்கும் எஃகுத் தூண்களை இணைக்கும் கம்பிகளின் ஸ்பிரிங்குகளை அளந்து அளந்து தளர்த்திக்கொண்டே போவார்கள். ஒருமுறை சூடான பேட்டரியை ஆற விட்டால் மூட்டுகள் பிளக்கும், செங்கல் உதிரும். பெரும்பாலும் அதை மீண்டும் ஓட்ட முடியாது. ஆகவே பேட்டரியைப் பற்றவைப்பது ஒரு முறை, அணைப்பதும் ஒரு முறை. நடுவில் முப்பது, நாற்பது ஆண்டுகள், சில இடங்களில் அதைவிட அதிகம், இரவு பகல் எந்நேரமும் எரிந்தாக வேண்டும்.

தேன்கூட்டு உலையிலிருந்து ஆற்றங்கரைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிட்ஸ்பர்க் எஃகுக்குத் தேவையான கோக், தெற்கே கானல்ஸ்வில் வட்டாரத்தின் தேன்கூட்டு உலைகளிலிருந்து வந்தது. குவிமாட வடிவச் செங்கல் கூட்டுக்குள் நிலக்கரியைக் கொட்டி, வாசலில் கொஞ்சம் காற்று விட்டு, இரண்டு மூன்று நாள் எரிய விடுவார்கள். வெளிவரும் வாயு, தார், அம்மோனியா எல்லாம் அங்கேயே எரிந்து வானத்துக்குப் போகும். கோக்கின் தரம் நன்றாக இருந்தது, வீணடிப்போ கொடுமையானது.

ஐரோப்பாவில் அதற்குள் துணைப்பொருள் மீட்கும் உலைகள் வந்துவிட்டன. அமெரிக்காவின் முதல் துணைப்பொருள் உலைகள் 1893-இல் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸில் எரிந்தன. ஜெர்மானியர் ஹைன்ரிக் கோப்பர்ஸ் வடிவமைத்த உலைகள் 1908-இல் ஜோலியட்டுக்கு வந்தன. ஆனாலும் கானல்ஸ்வில் முதலாளிகள் அவசரப்படவில்லை. நிலக்கரி காலடியிலேயே மலிவாகக் கிடக்கும்போது தாருக்கும் அம்மோனியாவுக்கும் யார் செலவழிப்பார்? முதல் உலகப்போர்தான் கணக்கை மாற்றியது. வெடிமருந்துக்கு, உலை வாயுவிலிருந்து பிரித்தெடுக்கும் டொலுயீன் தேவைப்பட்டது. அதுவரை ஜெர்மனியிலிருந்து வந்த சாய, மருந்து மூலப்பொருட்களும் நின்றுபோயின. யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 1916-இல் கிளெயர்டனில் துணைப்பொருள் உலைகளைக் கட்டத் தொடங்கியது. போர் முடியும் நேரத்தில் அவை வரிசை வரிசையாக இயங்கின. 1919-இல் அமெரிக்காவின் மொத்தக் கோக் உற்பத்தியில் துணைப்பொருள் உலைகள் தேன்கூட்டு உலைகளை முந்தின.

சுரங்கத்தின் வாயிலை விட்டு ஆற்றங்கரைக்கு வந்ததற்குக் காரணம் எளிது. நிலக்கரி படகுகளில் வரும். கோக் ரயிலில் ஊதுலைகளுக்குப் போகும். வாயு குழாய் வழியாகப் பக்கத்து எஃகாலைகளுக்குப் போகும். இன்றும் பிராடக்கிலுள்ள எட்கர் தாம்சன் ஆலைக்கும் இர்வின் உருட்டாலைக்கும் கிளெயர்டன் வாயு போகிறது. அதாவது இது தனித்து நிற்கும் ஆலை அல்ல. இங்கே வாயு கெட்டால் ஆற்றின் ஓரமாக மூன்று ஆலைகளின் புகைபோக்கிகளிலும் அது தெரியும். 2018 தீயின்போது நடந்தது அதுவே.

ஓர் உலையின் பதினெட்டு மணி நேரம்

வேலை நிலக்கரிக் கலவையில் தொடங்குகிறது. ஆவிப்பொருள் அதிகமுள்ள நிலக்கரி நன்றாக உருகும், சுருங்கும். வாயுவும் தாரும் நிறையத் தரும். ஆவிப்பொருள் குறைந்தது வலுவான கோக் தரும், ஆனால் உலைக்குள் வீங்கிச் சுவரைத் தள்ளும். சுவரின் மேல் அழுத்தம் 14 கிலோபாஸ்கலை ஒட்டினால் பழைய சுவருக்கு ஆபத்து. ஆகவே கலவை என்பது ஊதுலை கேட்கும் வலிமைக்கும் சுவர் தாங்கும் அழுத்தத்துக்கும் இடையிலான பேரம். சுவர் வயதாக ஆக, கலவையில் உள்ள சுதந்திரமும் குறைகிறது. கலந்த நிலக்கரியில் 80 முதல் 85 சதவீதம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும்படி உடைப்பார்கள்.

பேட்டரியின் தலைமேல் ஓடும் சார்ஜிங் வண்டி, நிலக்கரியை உலையின் மேல் துளைகள் வழியாக இறக்குகிறது. சிறிய உலைக்கு 15 முதல் 20 டன். 6 மீட்டர் உலைக்கு 30 டன்னை ஒட்டி. ஆயிரம் டிகிரிச் சுவரில் ஈர நிலக்கரி விழுந்த நொடியில் நீராவியும் வாயுவும் குப்பென்று கிளம்பும். அதை ஒவ்வோர் உலையின் தலையிலும் நிற்கும் மேல்குழாய் வழியாக, பேட்டரி முழுவதன் வாயுவையும் சேர்க்கும் பெருங்குழாய்க்குள் இழுக்க நீராவி ஜெட் போடுவார்கள். நான்கு துளையையும் ஒரே நேரத்தில் திறந்து கொட்டினால் வாயு போக வழி அடைபடும். கரும்புகை மேல்தளத்தை மூடும். எனவே ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை தவறாமல் இறக்கி, கோக்கை வெளியே தள்ளும் புஷர் வண்டி ஓடும் பக்கக் கதவின் சிறு சன்னல் வழியாக நீள இரும்புச் சட்டத்தை விட்டு மட்டமாக்குவார்கள். இந்த மட்டமாக்கல் சரியில்லாமல் நிலக்கரி உச்சியைத் தொட்டுவிட்டால் வாயு ஓடும் மேல்வெளி அடைபட்டு, கதவிலும் மூடியிலும் கசிவு தொடங்கும். மூடிகளின் விளிம்பில் களிமண் குழம்பை ஊற்றி அடைப்பது இன்றும் நடக்கும் வேலைதான்.

பிறகு நிலக்கரி சமைகிறது. இரண்டு சுவரிலிருந்தும் சூடு நடுவை நோக்கி நகர்கிறது. 350 முதல் 450 டிகிரியில் நிலக்கரி களியாக உருகுகிறது; 500-ஐ ஒட்டி மீண்டும் இறுகி அரைக்கோக் ஆகிறது; அதற்குமேல் வாயு விட்டுச் சுருங்கி, வெடிப்பு விட்டுக் கடினமாகிறது. இரண்டு பக்கத்துக் களிப்படலமும் நடுவில் சந்திக்கும் நேரமே சுவர் மேல் அழுத்தம் உச்சமடையும் நேரம். நடுப்பகுதி 1000 டிகிரியைத் தொட்டபின் கோக் சுவரிலிருந்து சற்றே விலகி நிற்கும். அந்தச் சிறு இடைவெளி இல்லையென்றால் அதை வெளியே தள்ள முடியாது.

நேரமானதும் இரண்டு பக்கக் கதவையும் எடுத்துவிட்டு, புஷர் வண்டியின் தண்டு மொத்தக் கோக்கையும் ஒரே தள்ளாக மறுபக்கம் தள்ளுகிறது. உலை மறுபக்கத்தை நோக்கி 5 முதல் 7 சென்டிமீட்டர் அகன்றுகொண்டே போகும்படி கட்டப்பட்டிருப்பது இந்தத் தள்ளலுக்காகவே. சிவந்த கோக் வழிகாட்டிச் சட்டத்தினூடே வண்டியில் விழுந்து, தெளிப்புக் கோபுரத்தின் கீழ் ஒன்றிரண்டு நிமிடம் தண்ணீர் வாங்கி அணைகிறது. சமையாத கோக்கைத் தள்ளினால் அந்த நேரத்தில் மஞ்சள் கலந்த கரும்புகை எழும். புகையைப் பார்த்தே உலை எப்படிச் சமைந்தது என்று சொல்லிவிடலாம்.

ஒரு டன் நிலக்கரிக்கு 700 முதல் 750 கிலோ கோக், 300 கனமீட்டருக்கு மேல் வாயு, 30 முதல் 45 கிலோ தார், பத்து கிலோ அளவில் பென்சீன் கலந்த இலகு எண்ணெய், இரண்டு மூன்று கிலோ அம்மோனியா கிடைக்கும். கோக்கின் தரத்தைச் சோதிப்பது இப்படி: 20 மில்லிமீட்டர் அளவுத் துண்டுகளில் 200 கிராம் எடுத்து, 1100 டிகிரியில் இரண்டு மணி நேரம் கார்பன் டை ஆக்சைடில் வைத்து, பிறகு உருளையில் 600 சுற்று சுற்றி, 10 மில்லிமீட்டர் சல்லடையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பது. பெரிய ஊதுலைகள் 60 சதவீதத்துக்கு மேல் கேட்கும். ஊதுலைக்குள் மேலிருக்கும் அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டு, காற்று ஊடுருவ வழியும் விட்டு நிற்கும் ஒரே திடப்பொருள் கோக்தான். தூள் நிலக்கரியை ஊதிக் கோக்கின் அளவைக் குறைக்கலாம். பாரம் தாங்கும் இந்த வேலையை மட்டும் தூள் நிலக்கரியிடம் ஒப்படைக்க முடியாது.

வாயுப் பக்கம்

உலையை விட்டு 700, 800 டிகிரியில் வரும் வாயு, வளைகுழாயில் அம்மோனியா நீர் தெளிப்பால் நொடியில் 80 டிகிரியை ஒட்டிக் குளிர்கிறது. தாரின் பெரும்பகுதி அங்கேயே பிரிந்துவிடும். பெருங்குழாயில் அழுத்தத்தைச் சில மில்லிமீட்டர் நீர்மட்டம் அளவுக்கு வெளிக்காற்றை விட அதிகமாக வைத்திருப்பார்கள். குறைந்தால் காற்று உள்ளே நுழைந்து கோக்கை எரிக்கும், வெடிக்கும் கலவை உருவாகும். கூடினால் எல்லாக் கதவுகளும் புகைக்கும். பேட்டரியின் உயிர்நாடி இந்தச் சில மில்லிமீட்டர்.

அடுத்து குளிர்விப்பு, தார் பிரிப்பு, அம்மோனியா, இலகு எண்ணெய், கடைசியில் ஹைட்ரஜன் சல்பைடு. சுத்தமான வாயுவில் பாதிக்குமேல் ஹைட்ரஜன், கால்பங்கு மீத்தேன். இதில் சுமார் 40 சதவீதம் உலைகளைச் சூடாக்கவே திரும்பிப் போகிறது. 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை தீயின் திசையை மாற்றி, கீழே உள்ள செங்கல் அறைகளில் தங்கிய சூட்டை உள்வரும் காற்றுக்குக் கொடுப்பார்கள்.

இப்போது 2018 தீயைத் திரும்பப் பார்க்கலாம். கந்தகம் பிரிக்கும் பகுதி போனாலும் நிலக்கரி வாயு விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதை எங்கேயாவது எரித்தாக வேண்டும். ஆலை செய்தது, செய்யக்கூடியது, மூன்று: சமையல் நேரத்தை நீட்டி வாயு உற்பத்தியைக் குறைப்பது, முடிந்த இடத்தில் இயற்கை வாயுவைக் கலப்பது, மிச்சத்தைக் கொளுத்துவது. சமையல் நேரத்தையும் மனம்போல் நீட்ட முடியாது, ஏனென்றால் சுவரின் வெப்பம் குறைந்துகொண்டே வரும். என் கணிப்பில் உண்மையான தவறு தீ பிடித்ததோடு நிற்கவில்லை. நிறுத்த முடியாத ஓர் ஆலையில், ஒரே கட்டடம் எரிந்தால் சுத்திகரிப்பு முழுவதும் போகும்படி மாற்றுவழி இல்லாமல் வைத்திருந்ததே பெரிய தவறு. 2019 ஜூனில் மின்கோளாறால் மீண்டும் ஒரு தீப்பிடித்துச் சுத்திகரிப்பு சில மணி நேரம் நின்றது.

கதவும் சுவரும்

அன்றாடத் தொல்லை கதவு. 4 முதல் 6 மீட்டர் உயர இரும்புக் கதவின் கத்திவிளிம்பு, சட்டத்தில் அழுந்தி மூட வேண்டும். கசியும் தாரே அந்த இடைவெளியில் இறுகி அடைப்பாகவும் ஆகும். ஆனால் பழைய தாரைச் சுரண்டாமல் கதவை மாட்டினால் விளிம்பு உட்காராது. சூட்டில் சட்டம் வளைந்துவிட்டால் எவ்வளவு சுரண்டினாலும் கசியும். அமெரிக்கச் சட்டப்படி ஆய்வாளர் தினமும் பேட்டரியைச் சுற்றி நடந்து, கசியும் கதவு, மூடி, மேல்குழாய் எத்தனை என்று கண்ணால் எண்ணுகிறார். நிலக்கரி இறக்கும்போது புகை எத்தனை நொடி தெரிகிறது என்பதையும் கடிகாரம் வைத்துக் குறிக்கிறார்.

ஆழமான தொல்லை சுவர். செங்கல் மூட்டு பிளந்தால் உலை வாயு தீவழிக்குள் புகும்; எரியாத கரி புகைபோக்கியில் கரும்புகையாகத் தெரியும். சுவரில் கரி படிந்தோ, சுவர் உள்வளைந்தோ போனால் கோக் தள்ளுபடாமல் சிக்கிக்கொள்ளும். புஷர் மோட்டாரின் ஆம்பியர் எகிறும்போதே நிறுத்திவிட வேண்டும். 'இன்னொரு தள்ளு தள்ளிப் பார்ப்போம்' என்ற முடிவே பல சுவர்களைச் சாய்த்திருக்கிறது. சிக்கிய உலையைக் கதவுப் பக்கம் நின்று கம்பியால் கிளறிக் காலி செய்ய வேண்டும். ஒட்டுவேலைக்கு, சூடான சுவர் மேலேயே உலோகப் பொடியும் சிலிக்காவும் ஆக்ஸிஜனோடு ஊதி உருக்கிப் பற்றவைக்கும் முறை உண்டு. அதற்கும் மிஞ்சினால் முனைத் தீவழிகளை இடித்துப் புதிதாகக் கட்டுவார்கள். பக்கத்து உலைகளின் சூடு குறையாமல் காப்பதுதான் அதில் கடினம்.

2012 நவம்பரில் தொடங்கிய 'சி' பேட்டரியின் 84 உலைகளில் இந்த அனுபவம் தெரிகிறது. மேல்குழாய் ஒவ்வொன்றிலும் நீர்அடைப்புக் கிண்ணம் வைத்து, உலைக்கு உலை தனியாக அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். நிலக்கரி இறக்கிய முதல் மணி நேரத்தின் வாயுப் பெருக்கும் கடைசி மணி நேரத்தின் வறட்சியும் ஒரே பெருங்குழாயின் சராசரிக்குள் மறைந்துவிடுவதில்லை. பழைய பேட்டரியில் இந்த வசதியைப் பின்னால் சேர்ப்பது எளிதல்ல.

மேல்தளத்தில் வேலை செய்தவர்கள்

மூடிகளும் மேல்குழாய்களும் இருக்கும் மேல்தளம் மிக மோசமான இடம். கிளெயர்டன் அடங்கிய அலெகேனி கவுண்டியின் (மாவட்டத்தின்) எஃகுத் தொழிலாளர்களின் இறப்புகளை ஆராய்ந்து 1971-இல் வில்லியம் லாயிட் வெளியிட்ட ஆய்வு, ஐந்தாண்டுக்கு மேல் முழுநேரமும் மேல்தளத்தில் உழைத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் இறப்பு எதிர்பார்ப்பதைவிடச் சுமார் பத்து மடங்கு என்று காட்டியது. அந்த வேலைகளில் அதிகம் அமர்த்தப்பட்டவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். நோயை யார் சுமந்தார்கள் என்பதை வேலைப் பங்கீடே தீர்மானித்திருந்தது. 1976-இல் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பு கோக் உலைப் புகைக்குத் தனி விதி கொண்டுவந்து, காற்றில் ஒரு கனமீட்டருக்கு 150 மைக்ரோகிராம் என்று வரம்பிட்டது. நீராவி இழுப்பு, வரிசைப்படி இறக்குதல், கதவுப் பராமரிப்பு ஆகியவை கட்டாயமானது அப்போதுதான்.

வேலிக்கு வெளியேயும் தாக்கம் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயுமாக மூடி நிற்கும் காலைகளில் புகை எழும்பாமல் ஊருக்குள் தங்கும். அதே கவுண்டியில் நெவில் தீவிலிருந்த ஷெனாங்கோ கோக் ஆலை 2016 ஜனவரியில் மூடப்பட்டது. சுற்றுப்புறத்தில் இதய நோய்க்காக அவசர சிகிச்சைக்கு வருவோர் எண்ணிக்கை உடனே 42 சதவீதம் குறைந்ததாக நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டார்கள். கிளெயர்டனைப் பற்றிய எந்த விவாதத்திலும் முதலில் மேசைமேல் வைக்க வேண்டிய எண் இது என்றே நான் நினைக்கிறேன்.

சுருங்கும் ஆலை

தீப்பிடித்த காலத்தில் கிளெயர்டனில் பத்து பேட்டரிகள், 708 உலைகள்: 1, 2, 3-இல் தலா 64, 13, 14, 15-இல் தலா 61, 19, 20-இல் தலா 87, 'பி'-யில் 75, 'சி'-யில் 84. 2019 மே மாதம் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் இந்தப் பள்ளத்தாக்கில் நூறு கோடி டாலருக்கு மேல் முதலீடு என்று அறிவித்தது. 2021-இல் அதைக் கைவிட்டு, 1 முதல் 3 வரையான பேட்டரிகளை மூடுவதாகச் சொன்னது. 2023-இல் அவை மூடப்பட்டன. 2018 தீ தொடர்பான வழக்கின் 2024 உடன்பாடு 15-ஆம் பேட்டரியையும் மூடச் சொன்னது. கணக்குப்படி மிஞ்சுவது ஆறு பேட்டரிகள், 455 உலைகள். 2025 ஜூனில் நிறுவனமே ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வசம் போனது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 11 காலை 13, 14-ஆம் பேட்டரிகளின் பகுதியில் வெடிப்பு நடந்தது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பராமரிப்புக்கு முன்னேற்பாடாக வாயு அடைப்பு வால்வு ஒன்றைத் தண்ணீர் செலுத்தி அலசும்போது, உள்ளே அழுத்தம் ஏறி வால்வு உடைந்து, கசிந்த கோக் வாயு பற்றிக்கொண்டது என்பது நிறுவனம் முதலில் சொன்ன விளக்கம். 2009-இல் ஓர் உயிரைப் பறித்த வெடிப்பும், 2010 ஜூலையில் பலரைக் காயப்படுத்திய வெடிப்பும் ஏற்கனவே நடந்திருந்தன.

இங்கேதான் பழைய வால்வின் முக்கியத்துவம் புரியும். இயங்கும் ஆலையில் ஒரு பகுதியைத் திறந்து வேலை செய்ய, வாயுவை அங்கே மட்டும் அடைக்க வேண்டும். பக்கத்துக் குழாயில் வாயு ஓடிக்கொண்டே இருக்கும். பல ஆண்டு அசையாமல் நின்ற வார்ப்பிரும்பு வால்வுக்குள் தாரும் நாப்தலீனும் இறுகி, தட்டு முழுதாக உட்காராது. அலசுவதற்குத் தண்ணீர் விட்டால், அடைத்த வால்வின் உடலுக்குள் வெளியேற வழியில்லாத தண்ணீர், பம்பின் முழு அழுத்தத்தையும் வார்ப்பிரும்பின் மேல் ஏற்றும். வாயுக் குழாய்க்காகச் செய்த வால்வு அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

சரியான வரிசை வேறு. வால்வை மட்டும் நம்பாமல் தகட்டடைப்புச் செருகுவது. இரு அடைப்புக்கும் நடுவே திறப்பு வைப்பது. நைட்ரஜனாலோ நீராவியாலோ வாயுவை முழுக்க வெளியேற்றுவது. கருவியால் அளந்து உறுதிசெய்வது. அதுவரை மேலும் கீழும் வேலை இல்லாதவர்களை வெளியே அனுப்புவது. பேட்டரியை நிரந்தரமாக மூடும்போதும் இதே வரிசைதான். கடைசி உலை தள்ளப்பட்டு, மேல்குழாய்கள் பெருங்குழாயிலிருந்து பிரிக்கப்பட்டு, எரிபொருள் குழாயில் தகடு இறக்கப்படும். அதன்பின் சுவர்கள் வாரக்கணக்கில் ஆறும். 600 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது மூட்டுகள் ஒவ்வொன்றாகப் பிளக்கும். பக்கத்தில் இயங்கும் பேட்டரிகளின் வாயு அந்தத் தகட்டுக்கு மறுபுறம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், மூடிய பேட்டரியின் அடைப்புகளையும் ஓடும் பேட்டரியுடையவற்றைப் போலவே பராமரிப்புப் பட்டியலில் வைத்துத் தவறாமல் சோதித்தாக வேண்டும்.